காலி டப்பாவும் கறுத்த பூவனும்

எங்கள் தெருவில் யார் வீட்டு டப்பாவும் காலியாகத் திரும்பாது. யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. கீழ்வீட்டு அக்கா ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு நம் வீட்டுக்கு ஒரு தூக்கு அனுப்பினால், அதைக் கழுவி எத்தனை நாள் நம் மேடையில் கவிழ்த்து வைத்திருக்கலாம் என்பதற்குக்கூட ஒரு கணக்கு உண்டு. ஒரு வாரம் தாண்டினால் அக்கா கேட்க மாட்டார். ஆனால் மாடிப்படியில் பார்க்கும்போது சிரிப்பில் ஒரு மாற்று குறையும். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு பச்சை மிளகாயாவது உள்ளே இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத நாளில் என் அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டு மூடி அனுப்புவார்.

கறிவேப்பிலை தெருவுக்குச் சரி. தோழிகளின் டப்பாக்கள் வேறு ரகம். மேல்விஷாரத்துத் தோழியின் அடுக்கு பக்ரீத்துக்கு வரும்: கீழே பிரியாணி, நடுவில் எண்ணெய்க் கத்தரிக்காய், மேலே தயிர்ப் பச்சடி. அந்த அடுக்கில் கறிவேப்பிலையை வைத்து அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? ஆரணிக்காரி ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒரு பை நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்ணோடு. குடியாத்தத்துத் தோழி வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்துவிட்டு வரும்போது பொரியும் பழமுமாக வருவாள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன திருப்பிக் கொடுப்பது? முறுக்கு அவர்கள் வீட்டிலும் சுடுகிறார்கள், என்னைவிட நன்றாகவே. பேக்கரியில் வாங்கிய கிரீம் கேக்கை ஒருமுறை கொண்டுபோனேன். "என்னா விசேஷம்?" என்பதுதான் முதல் கேள்வி. விசேஷம் ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டார்கள். பெட்டியைப் பார்த்தே விலையைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அடுத்த தடவை அதற்கு மேலே ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று அவர்கள் தலையில் ஒரு கடன் ஏறும். சாப்பாட்டில் இந்தக் கடன் விவகாரம் வந்துவிட்டால் நட்பு மெல்ல மொய்ப் புத்தகம் ஆகிவிடும்.

வாழைப்பழ கேக்கில் அந்தத் தொல்லை இல்லை. "பழம் வீணாப் போவுதேன்னு சுட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. வாங்குகிறவளுக்கும் கூச்சம் இல்லை, கொடுக்கிறவளுக்கும் பெருமை இல்லை. பெரும்பாலும் அது உண்மையும்கூட. அமெரிக்காவிலும் இது அப்படித்தான் பரவியது என்கிறார்கள். 1930-களில், பொருளாதார மந்தத்தில் எதையும் தூக்கிப் போட மனம் வராத காலத்தில், பேக்கிங் பவுடரும் சோடாவும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட நேரத்தில், கறுத்த வாழைப்பழத்துக்கு ஒரு வழி பிறந்தது. 2020 ஊரடங்கில் உலகமே இதைச் சுட்டது. எங்கள் தெருவில் பாதிப் பேர் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். பேக்கரி மூடியிருந்தது, பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கேக் கேட்டு அழுதார்கள், வீட்டில் இருந்தது வாழைப்பழம்.

வேலூர் வீடுகளில் வாழைப்பழம் எப்படிச் சேர்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பூஜை, தாம்பூலம், கல்யாணப் பை, ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போய்வந்த பிரசாதம் எல்லாம் எல்லா ஊருக்கும் பொது. எங்களுக்கு இன்னொரு வரத்தும் உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவம் இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, வேலூரில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரையும் விருந்தினர் விடுதி முதலாளி ஆக்கியிருக்கிறது. பெரியம்மா பையனின் மாமனாருக்கு முதுகு வலி என்றால் நம் வீட்டில்தான் தங்குவார். தங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது பழவண்டி. அவர் போன பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பழமும் நம் வீட்டில்தான் இருக்கும். ஆப்பிள் ஒரு வாரம் தாங்கும். சாத்துக்குடியும் தாங்கும். வாழைப்பழத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதிலும் எங்கள் ஊர் வெயிலில். கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காலையில் மஞ்சளாகத் தொங்கிய சீப்பு மறுநாள் மாலைக்குள் புள்ளி போட்டு, காம்பு நெகிழ்ந்து, ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும்.

அந்த உதிர்கிற நிலைதான் கேக்குக்கு வேண்டும். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய 20 சதவீதம் மாவுச்சத்து இருக்கும். பழம் எத்திலீன் என்ற வாயுவைத் தானே விட்டுத் தன்னைப் பழுக்க வைத்துக்கொள்ளும்போது அதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி, நன்றாகக் கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும். மஞ்சளாக, விறைப்பாக, பார்க்க அழகாக இருக்கிற பழத்தைப் போட்டுச் சுட்டால் கேக்கில் இனிப்பும் வராது, வாசனையும் வராது. தோல் முக்கால்வாசி கறுத்து, உரித்தால் சதை லேசாகப் பளபளத்து, கிட்டத்தில் வைத்தால் மூக்கில் ஏறும்படி ஒரு மணம் அடிக்க வேண்டும். கள் வாடை அடித்தால் ஒருநாள் தாமதம். நீர் கசிந்து பூஞ்சை கட்டியிருந்தால் செடிக்குத்தான். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் இந்த நிலைக்கு ஒழுங்காக வரவே வராது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குச் சட்டப்படி தடை இருந்தாலும், மேலே பளீரென்று மஞ்சளும் காம்பில் பச்சையும் உள்ளே மணமே இல்லாமலும் ஒரு பழம் அவ்வப்போது கைக்கு வந்துவிடும். அதை வைத்து என்ன பாடுபட்டாலும் கேக் வெறும் மைதாவாகத்தான் ருசிக்கும்.

அவசரத்துக்குப் பழுக்க வைக்க வேண்டுமென்றால் அரிசி டிரம்மில் புதைத்து வைப்பது பழைய வழி. வாயு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுக்கும். பழம் கனிந்துவிட்டது என்று அதைப் பார்த்து நினைத்துவிட வேண்டாம். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, தோல்தான் கறுக்கும், உள்ளே பழுப்பது நின்றுவிடும். நன்றாகக் கனிந்த பிறகு உரித்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது வேறு விஷயம். வாரக்கணக்கில் இருக்கும். வெளியே எடுத்தால் தண்ணீர் விட்டு, பார்க்கச் சகிக்காத நிறத்தில் கிடக்கும். அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்தால் போதும்.

எந்தப் பழம் என்பதில் எனக்கும் மேல்விஷாரத்துத் தோழிக்கும் சண்டை ஓயாது. யூடியூபில் எல்லோரும் பெரிய பழத்தைத்தான் காட்டுகிறார்கள், அதாவது நாம் மோரீஸ் என்கிற பச்சைப்பழ ஜாதி. "மூணு பழம்" என்று அவர்கள் சொல்வது அந்த மூன்றைத்தான். பூவனில் மூன்று போட்டால் கேக் வாயில் ஒட்டாது, தொண்டையில் அடைக்கும், ஐந்தாறு வேண்டும். எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிசைந்தால் ஒரு கப் என்று வைத்துக்கொள்வது நல்லது. அவள் மோரீஸ் கட்சி. மென்மையாக வரும், நிறம் நன்றாக இருக்கும் என்பாள். நான் பூவன் கட்சி. பூவனில் ஒரு மெல்லிய புளிப்பு உண்டு. சர்க்கரை, எண்ணெய், மைதா என்று எல்லாமே மழுங்கலாக இருக்கிற கலவையில் அந்தப் புளிப்புதான் நாக்கைத் தட்டி எழுப்பும். சமையல் சோடா பொங்குவதற்கும் புளிப்பு வேண்டும். ரஸ்தாளி மாவாகப் போய்விடும். கற்பூரவள்ளி தேன், ஆனால் அதைக் கறுக்க விடுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறோம். செவ்வாழையை கேக்கில் போடுகிறவர்களுக்குக் காசு அதிகம் என்று அர்த்தம். நேந்திரத்தைச் சிப்ஸுக்கே விட்டுவிடலாம்.

சரி, அளவைச் சொல்லிவிடுகிறேன். பிசைந்த பழம் ஒரு கப். மைதா ஒன்றரை கப். சர்க்கரை முக்கால் கப். பழம் மிகவும் கனிந்திருந்தால் அதிலும் இரண்டு ஸ்பூன் குறைக்கலாம். எண்ணெய் அரை கப். முட்டை இரண்டு. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். ஏலக்காய் நாலைந்து, தட்டி. வெனிலா எசன்ஸ் எனக்கு வேண்டாம். பூவனின் மணத்துக்கு மேல் அதை ஊற்றினால் கடை வாசனை வந்துவிடும்.

எண்ணெய் என்று நான் சொல்வது வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய். செக்குக் கடலை எண்ணெய் நம் ஊர்ச் சொத்துதான், கத்தரிக்காய்க்கு அதை விட்டால் வேறு கிடையாது. கேக்கில் ஊற்றினால் வெந்து வரும்போது பஜ்ஜிக் கடை ஞாபகம் வரும். வெண்ணெய் போடலாமே என்பார்கள். வெண்ணெய் கேக் சூடு ஆறியதும் கொஞ்சம் இறுகும். எண்ணெய் அறைச் சூட்டில் இறுகாது என்பதால் மறுநாளும் கேக் மெத்தென்று இருக்கும். டப்பாவில் அடைத்து, வண்டியில் வைத்து, ஊர் சுற்றி நாலு வீட்டுக்குக் கொடுக்கிற கேக்குக்கு எண்ணெய்தான் சரி.

பழத்தை மிக்ஸியில் அடிக்காமல் கையால் பிசைவது என் வழக்கம். மிக்ஸியில் அடித்தால் ஒரே கூழாகிவிடும். கையால் பிசையும்போது விரலிடுக்கில் மொச்சைக்கொட்டை அளவில் சின்னக் கட்டிகள் தப்பிக்கும். அவை வெந்த பிறகு துண்டின் நடுவே தேன்நிறத்தில் ஈரமாக நிற்கும், கடிக்கும்போது அந்த இடம் மட்டும் தனியாக இனிக்கும். வெட்டிய துண்டில் மெல்லிய கறுப்பு இழைகளும் தெரியும். ஆரணிக்காரி முதல்முறை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னா பா இது, முடியா?" என்றாள். முடியில்லை, பழத்தின் நார்தான். வெந்தால் அது கறுத்துப்போகும்.

சர்க்கரையும் எண்ணெயும் முட்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், கை வலிக்கிறவரை. பழத்தைச் சேர்த்து, சலித்த மாவைக் கொட்டிய பிறகு மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மைதாவில் ஈரம் பட்டு அதைப் போட்டு உருட்ட உருட்ட இழுவை ஏறும். பரோட்டாவுக்கு நாம் விரும்பி ஏற்றுகிற அதே இழுவை கேக்கை ரப்பர் ஆக்கிவிடும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் கரண்டியை எடுத்துவிடலாம். சோடா ஈரம் கண்ட நிமிடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடுவதால், கலக்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போகவும் கூடாது. பொங்கட்டும் என்று சோடாவைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. நிறம் கறுக்கும், சோப்பு வாடை வரும், வேறொன்றும் நடக்காது.

பாதாமும் வால்நட்டும் போடச் சொல்வார்கள். வால்நட் விலைக்கு இது "வீணாப் போவுதேன்னு" சுட்ட கேக் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆரணி மல்லாட்டையை வெறும் சட்டியில் வறுத்து, தோல் ஊதி, உடைத்துப் போடுகிறேன். அவளுடைய பையில் வந்தது அவளுடைய டப்பாவிலேயே திரும்பப் போகிறது. ஒரு கைப்பிடி போதும், மாவில் ஒரு புரட்டுப் புரட்டிப் போட்டால் அடியில் போய் உட்காராது.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, புரட்டாசி முழுக்க, கார்த்திகை பிறந்து வீட்டில் யாராவது மாலை போட்டுவிட்டால் தை வரைக்கும். இதைக் கணக்கெடுத்தால் முட்டை போட்ட கேக்கை நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிடும் நாள் வருடத்தில் அவ்வளவாக இல்லை. இரண்டு முட்டைக்குப் பதில் அரை கப் புளித்த கெட்டித் தயிர். முட்டை போட்டது போல உயர்ந்து நிற்காது, துண்டு கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால் தயிரின் புளிப்பில் சோடா நன்றாகப் பொங்கும், ஈரமும் தங்கும். எனக்கு உண்மையில் தயிர் போட்டதுதான் பிடித்திருக்கிறது. பழக்கமா ருசியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சுடுவதற்கு ஓவன் இருந்தால் 180 டிகிரியில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. மாலை ஏழு மணிக்குத் தெரு முழுக்க ஏசி போட்டதும் வோல்டேஜ் இறங்கி, அதன் கம்பி சிவக்கவே யோசிக்கும். பாதி வேக்காட்டில் கரண்டு போனால் நடுவில் பள்ளம் விழுந்த கேக்கை யாருக்குக் கொடுப்பது? ஆகவே பழைய ஐந்து லிட்டர் குக்கர். பழைய என்பதை அழுத்திச் சொல்கிறேன், தண்ணீர் இல்லாமல் சூடேற்றுவது குக்கருக்கு நல்லதல்ல; சோறு வைக்கிற குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு கப் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவிட வேண்டும். அப்புறம் எண்ணெய் தடவி மாவு தூவிய கேக் பாத்திரத்தில் கலவையை முக்கால் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, உள்ளே இறக்கி, தீயைக் குறைத்து விட்டுவிட வேண்டும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். நடுவில் ஆர்வத்தில் திறந்து பார்த்தால் சூடு போய் கேக் அமுங்கும். மணம் சமையலறையைத் தாண்டி மாடிப்படிக்குப் போனதும் ஓர் ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பார்க்கலாம். ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். பழக் கட்டியில் குத்தினால் ஒட்டத்தான் செய்யும், இரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள்.

குக்கரில் மேலிருந்து சூடு கிடையாது. அதனால் மேல்பக்கம் வெளுத்து, மூடியில் வேர்த்துச் சொட்டியதில் பிசுபிசுத்து, கொஞ்சம் சோகையாக இருக்கும். அடிப்பக்கம்தான் நல்ல கருஞ்சிவப்பாக முறுகியிருக்கும். ஆறிய பிறகு தட்டில் கவிழ்த்து, அடியை மேலாக்கி வெட்டினால் யாருக்கும் தெரியாது. சூட்டோடு வெட்டினால் உதிரும். கத்தரி வெயிலில் இந்த வேலையெல்லாம் விடிகாலை ஐந்து மணிக்குள் அடுப்பில் ஏறினால் உண்டு, இல்லையென்றால் கேக்கோடு சேர்ந்து நாமும் வேக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேரும் கோட்டைக்கு நடக்கப் போவோம். அகழியை ஒட்டி ஒரு சுற்று, பிறகு உள்ளே. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கிற இடம் என்பதால், நடை முடிந்ததும் யாராவது ஒருத்தி எங்காவது ஒதுங்கிவிட்டு வருவாள். மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். நடந்து குறைத்ததைவிடக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறோம் என்று குடியாத்தத்துக்காரி ஒவ்வொரு முறையும் சொல்வாள், துண்டை எடுத்துக்கொண்டேதான் சொல்வாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. "பழத்துல செஞ்சதுதானே, ஒண்ணும் ஆவாது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிற ஆள். ஆகும். கனிந்த பழம் முழுக்கச் சர்க்கரை, அதோடு மைதா, அதோடு அள்ளிப் போட்ட சர்க்கரை. நாட்டுச் சர்க்கரை போட்டேன், கோதுமை மாவு கலந்தேன் என்று இதற்கு ஆரோக்கியப் பட்டம் கட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவளுக்கு இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று, அதற்கு மேல் டப்பாவைப் பக்கத்தில் வைப்பதில்லை. முதலில் கோபித்துக்கொண்டாள். இப்போது தன் துண்டில் முறுகிய ஓரம் இருக்க வேண்டும் என்று பேரம் பேசுகிறாள்.

மேல்விஷாரத்துத் தோழி என் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா மோரீஸ் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்பாள். அந்த அடுக்கை அவள் வாங்கிக்கொண்டு போன மறுவாரமே அதில் மோரீஸ் கேக் வந்துவிடும், எனக்குக் காட்டுவதற்காக. அதைத் திருப்ப வேண்டுமே, அதற்குள் எங்கள் வீட்டில் பழம் கறுக்க வேண்டுமே என்று நான் பூஜை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிரியாணியில் தொடங்கிய கணக்கு எங்கேயோ போய்விட்டது, இப்போது யார் யாருக்குப் பாக்கி என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

வெளியே வைத்தால் எங்கள் ஊர்ச் சூட்டில் இரண்டு நாள். ஈரமான கேக் என்பதால் மூன்றாம் நாள் பூஞ்சை எட்டிப் பார்க்கும். குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும், ஆனால் விறைத்துவிடும். அப்படி விறைத்த துண்டைத் தோசைக்கல்லில் சொட்டு நெய் விட்டு, சின்னத் தீயில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். அதில் இருக்கிற சர்க்கரை சீக்கிரம் கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள். காலையில் வெங்காயத் தோசை வார்த்த கல் என்றால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடவும்.